புதுப்பிப்பு: செஃப் இல்லை, இசட்எஃப்எஸ்தான்

உட்துறைமுக வீதி அலுவலகத்தின் இரண்டு சேர்வர்களுக்கும் செஃப் (Ceph, பல சேர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக்கும் மென்பொருள்) போடுவதா, இசட்எஃப்எஸ் (ZFS, ஒவ்வொரு சேர்வரும் தன் சொந்த டிஸ்க்குகளில் தரவை வைக்கும் கோப்பு முறைமை) போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இசட்எஃப்எஸ் பக்கம் சாய்ந்துவிட்டோம். செஃப் வழமையாக ஒவ்வொரு தரவையும் மூன்று பிரதிகளாக வைக்கும். அதை ஒழுங்காக ஓட்ட மூன்று சேர்வராவது வேண்டும், 10 கிகாபிட் நெட்வேர்க் இருந்தால்தான் நிம்மதி. எங்களிடம் இருப்பதோ 1 கிகாபிட் சுவிட்ச்.

இப்போது புரொக்ஸ்மொக்ஸ் (Proxmox, சேர்வர்களில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) 15 நிமிடத்துக்கு ஒருமுறை, மாறிய பகுதியை மட்டும் மற்ற சேர்வருக்கு அனுப்புகிறது. ஒரு சேர்வர் திடீரென விழுந்தால் அந்த இடைவெளியில் பதிந்தது போய்விடும். கணக்குப் பிரிவு அக்காவிடம் கேட்டேன். “பில் கொப்பி கையில இருக்குத்தானே தம்பி, திருப்பி அடிப்பம்” என்றார். சரி, பிரச்சினை தீர்ந்தது.

இரண்டே சேர்வர் என்பதால், ஒன்று விழுந்தால் மற்றதன் ஒரு வாக்கு மட்டும் பெரும்பான்மை ஆகாது. அந்த மூன்றாவது வாக்குக்கு ஒரு பழைய பிசியில் கியூடிவைஸ் (QDevice) என்ற சிறு மென்பொருள் ஓடுகிறது. உப்புவெளிக் கிளைக்கு பேக்கப் அனுப்புவது இன்னும் மிச்சம்.