எஃப்-250-ல் கேம்பர் ஏற்ற 4 அங்குல லிஃப்ட் வேண்டுமா, ஷாக் மட்டும் மாற்றினால் போதுமா?

மலைப்பாதை:
வணக்கம் நண்பர்களே. டென்வரில் இருக்கிறோம். வண்டி 2019 ஃபோர்டு எஃப்-250 டீசல் பிக்கப், நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ், 20 அங்குல ரிம் டயர், எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. பின்னால் சாமான் ஏற்றும் பெட்டில் வைக்கிற கேம்பர் (படுத்துத் தங்கும் கூடு) ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம், காலி எடை 2,400 பவுண்டு என்று போட்டிருக்கிறது. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். கோடையில் மோவாப், அப்புறம் வயோமிங் வழியாக யெல்லோஸ்டோன் போக ஆசை. இங்கே ஒரு கடையில் கேட்டால், வண்டியை உயர்த்தும் 4 அங்குல லிஃப்ட், புது ஷாக், 35 அங்குல உயர டயர் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள், எவ்வளவு ஏற்றினாலும் பின்பக்கம் உட்காராது என்கிறார்கள். உண்மையா? கதவோர ஸ்டிக்கரில் ஏற்றக்கூடிய எடை 2,238 பவுண்டு என்று இருக்கிறது.

நட்டு போல்ட்டு:
லிஃப்ட் வேண்டவே வேண்டாம். லிஃப்ட் வண்டியை உயரத்தில் நிறுத்தும், அவ்வளவுதான், எடை தாங்கும் சக்தியைக் கூட்டாது. பல கிட்டில் பின்பக்கம் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஒரு பிளாக்கைத்தான் வைக்கிறார்கள், பாரத்தைத் தாங்குவது அதே பழைய ஸ்பிரிங்தான். ஏற்கனவே மேல்பக்கம் கனமான கேம்பரை இன்னும் 4 அங்குலம் மேலே தூக்கினால் வளைவில் சாய்வது கூடும். இன்னொன்றைக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்: கேம்பரின் நாலு மூலை ஜாக்கும் அதே 4 அங்குலம் கூடுதலாக ஏற வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை அடியில் ரிவர்ஸ் எடுக்கவே முடியாது.

டயர்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. உங்கள் வண்டியில் வந்த 20 அங்குல டயர் 275/65 என்றால் லோட் இண்டெக்ஸ் பெரும்பாலும் 126, அதாவது ஒரு டயர் 3,750 பவுண்டு தாங்கும். 35x12.50 அளவில் 20 அங்குல ரிம்முக்கு வரும் லோட் ரேஞ்ச் இ டயர்களில் பல 121தான், ஒன்றுக்கு 3,195. பின்னால் இரண்டு டயருக்கும் சேர்த்து 7,500 இருந்தது 6,390 ஆகிவிடும். காசு கொடுத்து 1,110 பவுண்டு தாங்கும் சக்தியைக் குறைத்துக்கொள்வீர்கள். டயர் பக்கச் சுவரில் எண் இருக்கிறது, நீங்களே பாருங்கள்.

அப்புறம் கணக்கு. 2,400 என்பது காலி எடை. 30 கேலன் தண்ணீர் நிரப்பினாலே 250, கேஸ் 40, ஏசி, வெயில் மறைக்கும் ஆனிங், இன்னொரு பேட்டரி என்று 150, சாமான் சாப்பாடு குறைத்து வைத்தாலும் 250. கேம்பர் மட்டும் 3,090. ஸ்டிக்கரில் உள்ள 2,238-ல் நீங்கள் நாலு பேரும் அடக்கம், ஓட்டுபவரையும் சேர்த்துத்தான்.

வயோமிங் காற்று:
மேலே சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஷாக் பற்றிக் கேட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஷாக் எடையைத் தாங்காது, ஸ்பிரிங் ஆடுவதைத்தான் அடக்கும். ஐ-80 நெடுஞ்சாலையில் கான்கிரீட் ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் முன்பக்கம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும், பின் சீட்டில் பிள்ளைகளுக்குக் குமட்டும். அந்த ஆட்டத்துக்கு நல்ல ஷாக் உடனே பலன் தரும். பில்ஸ்டீன் 5100 பலர் போடுகிறார்கள். நான் வைத்திருப்பது ரான்சோ 9000, 9 நிலை உள்ள குமிழ், கேம்பர் இருந்தால் 7, இறக்கிவிட்டால் 3. எதை வாங்கினாலும் உங்கள் வண்டியின் உயரத்துக்கான நீளம்தானா என்று பாருங்கள்.

பின்பக்கம் உட்காருவதற்கு வைத்தியம் வேறு. பின் சக்கரத்துக்கு மேல் குனிந்து பாருங்கள், ஸ்பிரிங்கின் மெயின் பட்டைகளுக்கு மேலே ஒரு கூடுதல் பட்டை இருந்தால் அதன் இரண்டு முனையும் எதையும் தொடாமல் சும்மா நிற்கும். வண்டி நன்றாக அமுங்கிய பிறகுதான் அது வேலைக்கு வரும். ஸ்டேபிள்லோட் என்கிற பாகம் அந்த இடைவெளியை அடைத்து, பட்டையை முதலிலேயே வேலை வாங்குகிறது, சாய்வும் குறையும். ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்று நிரப்பி வைக்கும் ஏர் பேக் போட்டால் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிக் குழாய் இழுங்கள். ஒரே குழாயில் டி போட்டு இணைத்தால் வளைவில் அமுங்குகிற பக்கத்துக் காற்று அடுத்த பக்கம் ஓடி, சாய்வு இன்னும் கூடும். டீசல் வண்டி என்பதால் சைலன்சர் குழாய்ப் பக்கம் வெப்பத் தகடு கட்டாயம். சாய்வைக் கட்டுப்படுத்தும் பின் ஸ்வே பார் மெலிதாக இருந்தால் கனமானதாக மாற்றுங்கள், பக்கக் காற்றில் அதன் அருமை தெரியும்.

லாரிக்காரர் மகன்:
ஸ்டிக்கரை வேத வாக்காக எடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. எஃப்-250-ல் மொத்த எடை வரம்பு பெரும்பாலும் சரியாக 10,000-ல் நிற்பதற்குக் காரணம், அதைத் தாண்டினால் வண்டி அடுத்த வகுப்பில் சேர்ந்துவிடும் என்பதுதான். ஆனால் பின் ஆக்சில் வரம்பும் டயர் வரம்பும் வெறும் காகித எண் இல்லை, அதை எக்காரணம் கொண்டும் தாண்டாதீர்கள். ஏர் பேக், ஸ்டேபிள்லோட் எதைப் போட்டாலும் அந்த இரண்டும் உயராது. குடும்பத்தோடு, டேங்க் நிரப்பி, ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் என்கிற எடைமேடையில் ஏற்றுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள்.

நட்டு போல்ட்டு:
லாரிக்காரர் மகன் அண்ணா, இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். டென்வருக்கு மேற்கே மலையில் ஐசன்ஹவர் டனல் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து இறங்கும்போது பிரேக்கும் அந்த மொத்த எடையைத்தான் நிறுத்த வேண்டும். விபத்து என்று வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பதும் அந்த 10,000-ஐத்தான்.

மலைப்பாதை:
எல்லோருக்கும் நன்றி. எடை பார்த்துவிட்டேன், நாலு பேரும் உள்ளே, டேங்க் ஃபுல். முன் 4,820, பின் 3,400. கதவில் பின் ஆக்சில் வரம்பு 6,340 என்று இருக்கிறது. டயர் 126தான்.

லாரிக்காரர் மகன்:
அப்படியென்றால் என் கணக்கிலும் தேறவில்லை தம்பி. கேம்பர் எடை பெரும்பாலும் பின் ஆக்சிலில்தான் இறங்கும். 3,400-உம் 3,090-உம் சேர்ந்தால் 6,490, மொத்தம் 11,310. அந்த கேம்பரை விட்டுவிடுங்கள், அல்லது எஃப்-350 பாருங்கள். இதே வண்டிதான் என்றால் கூரையை மடக்குகிற பாப்-அப் வகையில் காலி எடை 1,300-க்குள் தேடுங்கள். 20 கேலன் தண்ணீர், கேஸ், அளவான சாமானோடு 1,700-ஐ ஒட்டி வரும், மொத்தம் 9,920-ல் நிற்கும். மயிரிழைதான், அதனால் தண்ணீரைப் பாதியாக வைத்துப் போய், முகாமில் பிடித்துக்கொள்ளுங்கள். கேம்பரின் பக்கவாட்டில் எடை மையம் குறித்திருக்கும், அது பின் ஆக்சிலுக்கு முன்னால் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வயோமிங் காற்று:
பாப்-அப் என்றால் ஷாக்கும் ஸ்டேபிள்லோடும் போதும், ஏர் பேக் இப்போதைக்கு வேண்டாம். கேம்பரை ஏற்றிய முதல் நாள் இரவு ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பாருங்கள், பின்பக்கம் கொஞ்சம் அமுங்கினாலும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பின் டயருக்கு ஏற்றின எடைக்கான காற்று, கேம்பரை இறக்கினதும் குறைத்துவிடுங்கள்.

மலைப்பாதை:
சரி. லிஃப்ட் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பாப்-அப் ஒன்று பார்க்கப் போகிறோம், அதன் எடைத் தகட்டைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.