பக்கவாதத்துக்கு முன்பே மூளையில் இருந்த பாதிப்பு, பேச்சு திரும்புவதைத் தடுக்குமா?

மஞ்சக்குப்பம்வாசி, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 68. தை மாதக் கடைசியில் மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக் குழாய் அடைத்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை ஓரளவு தேறிவிட்டது, பேச்சுதான் திரும்பவில்லை. நாங்கள் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது. ஒன்றிலிருந்து பத்து வரை தடங்கலின்றிச் சொல்கிறார். ஆனால் நான்கு விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டால், ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால்தான் நான்கு என்ற சொல் வாயில் வருகிறது. நேற்று வஞ்சிர மீனைக் கையில் எடுத்து, பெயரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கண் கலங்கி அதை முறத்திலேயே வைத்துவிட்டார்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் புதிய அடைப்பைத் தவிர, இரு பக்கமும் பழைய வெண்திட்டுகள் இருப்பதாகவும் 'ஃபசேகாஸ் 2' என்றும் எழுதியிருக்கிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அவருக்கு நெடுநாளாக உண்டு. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு அடைப்பு இதைவிடப் பெரிது என்றார்கள். அவர் இப்போது நன்றாகப் பேசுகிறார். பழைய திட்டுகள்தான் காரணமா? அப்படியானால் பேச்சுப் பயிற்சியால் பயன் இருக்குமா?

பேச்சுப் பயிற்சியாளர், புதுச்சேரி

பயன் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சு எந்த அளவுக்குத் திரும்பும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை புதிய சேதத்தின் அளவும் இடமும், தொடக்கத்தில் பேச்சு எவ்வளவு பாதிக்கப்பட்டிருந்தது என்பதும்தான். பெரிய அடைப்பு மொழிக்குரிய பகுதியை விட்டு விலகியும் இருந்திருக்கலாம். ஆகவே இன்னொருவரோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம். ஆயினும் ஏறக்குறைய ஒரே அளவு சேதம் உள்ள இருவர் வெவ்வேறு விதமாகத் தேறுவதற்கு, மூளையின் எஞ்சிய பகுதி முன்பே எந்த நிலையில் இருந்தது என்பதும் ஒரு காரணம் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

மொழி ஓரிடத்தில் மட்டும் இருப்பதன்று. நெற்றிப் பகுதியையும் பொட்டுப் பகுதியையும் இணைக்கும் நீண்ட நரம்பிழைகள் மூளையின் ஆழத்தில் உள்ள வெண்பொருள் வழியாகச் செல்கின்றன. அந்த ஆழத்துக்கு இரத்தம் கொண்டு செல்பவை மிக மெல்லிய குழாய்கள்; பல ஆண்டு உயர் அழுத்தமும் சர்க்கரையும் முதலில் கெடுப்பவற்றுள் அவையும் அடங்கும். அப்படி வெண்பொருளில் ஏற்பட்ட சேதம்தான் அறிக்கையில் உள்ள வெண்திட்டுகள். மொழிப் பகுதி ஒன்று அழிந்ததும், அதைச் சுற்றித் தப்பிய திசுவும் சில வேளை வலப்பக்கமும் அதன் வேலையை ஏற்க முயல்கின்றன. மையச் சாலை உடைந்தால் சந்துகளில் சுற்றிப் போகலாம். சந்துகளும் முன்பே குண்டும் குழியுமாக இருந்தால் போய்ச் சேர நேரமாகும். திட்டுகள் எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் குறிக்க 1987 முதல் வழக்கில் உள்ள ஃபசேகாஸ் அளவுகோல் 0 முதல் 3 வரை செல்லும். 2 என்றால் திட்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன என்று பொருள். அறுபது வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறு திட்டுகளாவது இருக்கும். அந்த எண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள்.

திட்டுகள் மிகுந்தவர்களுக்குக் கவனமும் நினைவும் விரைவில் களைத்துப்போகும். நான் அவர்களுக்கு ஒரே அமர்வில் நிறையச் சொற்களைக் கொடுப்பதில்லை. வீட்டில் அன்றாடம் புழங்கும் சில சொற்களையே சிறு சிறு அமர்வுகளாகத் திரும்பத் திரும்பப் பழக்குவேன். வஞ்சிரத்திலிருந்தே தொடங்குங்கள், விடையைச் சொல்லிவிடாமல் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். காது கேட்பதையும் கண்ணாடியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

முத்தியால்பேட்டை ஆசிரியை

என் தந்தை தமிழும் பிரெஞ்சும் பேசியவர். இரு மொழி தெரிந்தால் மூளைக்குக் காப்பு என்கிறார்களே, அது பேச்சிழப்புக்கும் பொருந்துமா?

பொது மருத்துவர், சிதம்பரம்

அம்மா, ஐதராபாதில் பக்கவாத நோயாளிகள் 608 பேரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். இரு மொழியாளர்களில் 40.5 விழுக்காட்டினருக்கும் ஒரு மொழியாளர்களில் 19.6 விழுக்காட்டினருக்கும் அறிதிறன் இயல்பாக இருந்தது. ஆனால் பேச்சிழப்பு ஏற்பட்ட விகிதத்தில் இரு தரப்புக்கும் வேறுபாடு காணப்படவில்லை. காப்பு உண்டு என்றாலும் அது எல்லாவற்றுக்குமான காப்பு அன்று.

கடலூர் நண்பருக்கு: பழைய திட்டுகளை அழிக்க மருந்து இல்லை; பெருகாமல் தடுக்க முயலலாம். அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வில், மேல் அழுத்தத்தை 120க்குக் கீழ் கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழ் என்று நிறுத்தியவர்களைவிடத் திட்டுகள் மெதுவாகவே பெருகின. ஆனால் பக்கவாதம் வந்தவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் அதில் சேர்க்கவில்லை. எனவே இலக்கு எண்ணை உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வேளை தவறாமல் கொடுப்பதுதான் உங்கள் பொறுப்பு.

மஞ்சக்குப்பம்வாசி, கடலூர்

மிக்க நன்றி. மூன்று மாதத்துக்குப் பிறகு முன்னேற்றம் இராது என்று உறவினர்கள் சொல்வது உண்மையா?

பேச்சுப் பயிற்சியாளர், புதுச்சேரி

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது வரை உண்மை. அதன்பின் கதவு மூடிவிடும் என்பது தவறு. ஜெர்மனியில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்த, 70 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வாரம் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தபோது, அன்றாடப் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. நேரில் வர இயலாத நாட்களில் காணொளி வழியாகவும் பயிற்சியைத் தொடரலாம். முதல் அமர்வுக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு, அவர் அடிக்கடி தேடித் தவிக்கும் சொற்களையும் எழுதி எடுத்து வாருங்கள்.