ஸ்காட்லாந்துல இருக்கிற பழைய பஞ்சு மில் கிராமம் நியூ லனார்க் போனவங்க சொல்லுங்க: அங்க பார்த்ததுல எது இன்னும் மனசை விட்டுப் போகல?

கதிர்முனை (கோவை)

மில்லை நடத்தின ராபர்ட் ஓவன், அவரோட பள்ளிக்கூடம், யுனெஸ்கோ பட்டியல் எல்லாம் இங்க எல்லாருக்கும் தெரியும். நேரா விஷயத்துக்கு வர்றேன். மில்லுக்குள்ள இன்னும் ஓடிட்டிருக்கிற மியூல்ங்கிற அந்தப் பழைய நூற்பு மெஷின்.

இப்போதைய மில்கள்ல நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது நூல் நூற்கிற மாதிரியே தெரியாது. ரிங் ஃபிரேம்ல முறுக்கு ஏறுறதும் நூல் சுத்துறதும் ஒரே நேரத்துல நடக்கும். மியூல்ல ரெண்டும் தனித்தனி வேலை. கதிர்களை, அதாவது நூலை முறுக்கிச் சுத்துற குச்சிகளைச் சுமந்த வண்டி தண்டவாளத்துல வெளிய வரும். அங்க இப்ப நூற்கிறது கம்பளி, பஞ்சு இல்ல. அதனால ரோலர் முறுக்கில்லாத திரியைக் கொஞ்ச தூரம் விட்டுட்டு நின்னுடும், வண்டி நிக்காது. மிச்ச தூரம் வண்டி இழுக்கிற இழுப்புலதான் திரி மெலியும். கூடவே லேசா முறுக்கும் ஏறும். மெலிஞ்ச இடம் முறுக்கை முதல்ல வாங்கி இறுகிடும். தடிச்ச இடத்துல முறுக்கு ஏறாது, அதனால அதுதான் மேல இழுபடும். இப்படித்தான் நூல் தன்னாலயே சமமாகுது. இதைப் படத்துல எத்தனை தடவை பார்த்தாலும் புரியாது, நேர்ல நாலு இழுப்பு பார்த்தாப் போதும்.

ஆனா மனசுல நிக்கிறது அதுக்கப்புறம் வர்ற நொடி. வண்டி முழுசா வெளிய வந்து நிக்கும். கதிர்கள் மட்டும் சுத்தி மிச்ச முறுக்கைக் குடுக்கும். திடீர்னு எல்லாக் கதிரும் ஒண்ணா பின்பக்கமாக் கொஞ்சம் சுத்தும். நுனியில ஏறி நிக்கிற நூலை அவிழ்க்கத்தான் அது. அதே நேரம் ஃபாலர் கம்பி மேலேயிருந்து இறங்கி மொத்த நூலையும் ஒரே வரிசையா அமுக்கும், கீழ இன்னொரு கம்பி தொய்வைத் தாங்கிப் பிடிக்கும். வண்டி உள்ள திரும்பும்போதுதான் நூல் சுத்திக்கும். பின்சுத்து கூடிட்டா தொய்வு விழுந்து நூல் சுருண்டு முடிச்சாகும். குறைஞ்சா கம்பி இறங்குறப்பவே அறுந்துடும். இந்த வேலையைக் கையாலயே பண்ணின காலமும் இருந்தது. மியூலைத் தண்ணி விசையில முதல்ல ஓட்டினவர் இதே மில்லோட மேனேஜர் வில்லியம் கெல்லி, 1790ல.

வாய்க்கால்மேடு

கதிர்முனை அண்ணே, மியூல் சரி. ஆனா அதை ஓட்டின வாய்க்காலை ஒருத்தரும் நின்னு பார்க்கிறதே இல்ல. தெருவுக்கும் மில்லுக்கும் நடுவுல அமைதியா ஓடுறதால அழகுக்கு வெட்டின கால்வாய்னு நினைச்சுப் படம் எடுத்துட்டுப் போயிடறாங்க.

ஊருக்குச் சற்று மேல டண்டாஃப் அருவிகிட்ட கிளைட் ஆத்துல இருந்து தண்ணியைத் திருப்பி, பாறைக்குள்ள சுரங்கம் குடைஞ்சு கொண்டு வந்திருக்காங்க. மில்லை ஆரம்பிச்ச டேவிட் டேலும் தண்ணியில ஓடுற நூற்பு மெஷினுக்குப் பேர்போன ஆர்க்ரைட்டும் சேர்ந்து இடம் தேர்ந்தது 1784ல, வேலை தொடங்கினது 1785ல. வெடிமருந்தும் உளியும்தான் கருவி. சுரங்கத்தை விட்டு வெளிய வந்ததும் வாய்க்கால் கிட்டத்தட்ட மட்டமாவே போகுது. பக்கத்துல ஆறு சரிவுல இறங்கிக்கிட்டே இருக்கு. அந்த ரெண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் மில்லோட மூலதனம். ஒவ்வொரு மில்லுக்கும் மதகு வழியா தண்ணி சக்கரத்துல விழுந்து, அடியில ஆத்துக்கே திரும்பிடும்.

ஆத்துல வெள்ளம் வந்தா மில் இன்னும் வேகமா ஓடும்னு பலபேர் எழுதறாங்க. தண்ணிச்சக்கரத்துக்கு அது தப்பு. வெள்ளத்துல கீழ்மட்டம் ஏறி, சக்கரத்தோட அடிப்பாகம் முங்கிடும். முங்கின பலகை தண்ணியையே தள்ளணும், விசை குறைஞ்சுடும்.

இன்னொண்ணு. வெளிய நிக்கிற பெரிய தண்ணிச்சக்கரம் ஆதிச்சக்கரம் இல்ல, வேற ஊர்ல இருந்து கொண்டுவந்து வச்சது. அது நிக்கிற இடம் நாலாவது மில் இருந்த இடம். 1883ல எரிஞ்சது, திரும்பக் கட்டவே இல்ல.

வல்லைவெளி (லண்டன்)

எனக்கு மெசினும் இல்லை, தண்ணியும் இல்லை. அந்தச் சின்ன மரக்கட்டைதான்.

ரெண்டு அங்குல நீளம், ஒரு அங்குல அகலம். நாலு பக்கமும் நாலு நிறம். கறுப்பு எண்டால் மோசம், நீலம் எண்டால் சுமார், மஞ்சள் எண்டால் நல்லது, வெள்ளை எண்டால் மிகத் திறம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் பக்கத்தில ஒண்டு தொங்கும். நேற்று எப்பிடி நடந்தாய் எண்டதுக்குரிய நிறம் இண்டைக்கு முன்பக்கம் தெரியும். ஓவன் தளத்தில நடந்து வருவார், ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார். கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், போயிடுவார். அதாலதான் அதுக்கு மௌனக் கண்காணி எண்டு பேர். நாள்நாளா நிறத்தை எண்ணாக்கிக் குறிச்சு வைக்கப் புத்தகமும் இருந்தது.

அடியும் பிரம்பும் சாதாரணமா இருந்த காலத்தில ஒரு பிள்ளையை அடிக்காமல் திருத்தப் பார்த்த மனுசன். அந்தக் கட்டையில கறுப்புப் பக்கத்தைப் பார்த்தால் மட்டும் நெஞ்சு ஒருக்கால் இறுகும்.

தறிக்குழி

வல்லைவெளி அக்கா, அதைத் திருத்தம்னு சொல்றது எனக்கு ஒப்பல. சக தொழிலாளி எல்லாரும் பார்க்கிற மாதிரி தினமும் மார்க் போடறது அடியை விடக் கொடுமை. அடி ஒரு நொடி. நிறம் நாள் முழுக்கத் தொங்கும்.

ஓவனுக்கு நியாயமும் சொல்லணும். மேற்பார்வையாளர் போட்ட நிறம் தப்புன்னு பட்டா, புத்தகத்துல ஏறுறதுக்கு முன்னாடி நேரா அவர்கிட்டயே முறையிடலாம்னு உரிமை குடுத்திருந்தார். அமெரிக்கா பஞ்சு அனுப்புறதை நிறுத்தினப்ப 4 மாசம் மில் ஓடல. மெஷினைத் துடைச்சுப் பராமரிக்கிற வேலை மட்டும் குடுத்து, முழுக்கூலியும் போட்டார். பத்து வயசுக்குக் கீழ பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிறதை நிறுத்தினார். 1816 புத்தாண்டு அன்னைக்குத் திறந்த 'குணத்தை உருவாக்கும் நிறுவனம்'ங்கிற பள்ளிக்கூடத்துல, நடக்கத் தெரிஞ்ச குழந்தைக்கே இடம் குடுத்தார். இதெல்லாம் பெரிய காரியம், மறுக்கல.

ஆனா அதுக்கு முந்தின டேல் காலத்தையும் சேர்த்துப் பாருங்க. எரிஞ்ச அந்த நாலாவது மில்லுலதான் 275 அநாதைப் பிள்ளைகள் தங்கியிருந்தாங்க. ராத்திரி தூங்கின இடம் அது. இப்ப அங்க சக்கரம் நிக்குது.

பொதிகைச்சாரல்

வாய்க்கால்மேடு சொன்ன மட்ட வித்தியாசத்தை நம்ம ஊர்லயே பார்க்கலாம். விக்கிரமசிங்கபுரத்துல ஹார்வி நூல் மில் வந்ததே பாபநாசத்துத் தாமிரபரணித் தண்ணி விசைக்காகத்தான், 1880கள்ல. அருவிக்கடியில மில், மில்லைச் சுத்தி ஊர். நியூ லனார்க்கைப் பார்த்துட்டு அங்க போனா ஒவ்வொண்ணும் எதுக்கு அங்க இருக்குன்னு விளங்கும்.

மழைக்கோட்டு (கிளாஸ்கோ)

யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்லிடறேன். பாதிப்பேர் தப்பான வரிசையில பார்த்துட்டுத் திரும்பறாங்க.

கிளாஸ்கோ சென்ட்ரல்ல இருந்து லனார்க் ரயில் ஏறுங்க, ஒரு மணி நேரத்துக்கு முன்னப்பின்ன. ஸ்டேஷன்ல இருந்து மில் கிராமம் சுமார் 2 கிலோமீட்டர், போகும்போது இறக்கம், வரும்போது அத்தனையும் ஏத்தம். வயசானவங்க திரும்பறதுக்குப் பஸ் நேரத்தை முதல்லயே பார்த்து வச்சுக்கணும். கார்ல வந்தா நிறுத்துமிடம் மேட்டு மேல. அங்கிருந்து நடந்துதான் இறங்கணும்.

தெருவுல நடக்கக் காசு கிடையாது. மில்லுக்குள்ள போகத்தான் டிக்கெட். காலையில முதல்ல அருவிப் பாதையில போயிட்டு, மத்தியானம் உள்ள வாங்க. மழை பெரும்பாலும் வரும், அப்ப தலைக்குமேல கூரை இருக்கும்.

அருவி விஷயத்துல ஏமாறாதீங்க. ஊரை ஒட்டி டண்டாஃப்ல தண்ணி புரண்டு ஓடறதைப் பார்த்துட்டு, மேல இருக்கிற கொரா லின் அருவி இன்னும் பிரமாதமா இருக்கும்னு ஓடுவாங்க. அங்க போனா பாறையில மெல்லிசா வழியும். காரணம் பானிங்டன் மின்நிலையம். 1927ல இருந்து அருவிகளுக்கு மேலேயே தண்ணியை எடுத்து, குழாய்ல இறக்கி, கொரா லின்னுக்குக் கீழ ஆத்துல விடறாங்க. அதனால நடுவுல இருக்கிற ரெண்டு பெரிய அருவிக்கும் மிச்சத் தண்ணிதான். டண்டாஃப் அந்த நிலையத்துக்குக் கீழ இருக்கிறதால அதுக்கு முழுத் தண்ணியும் வரும். நல்ல மழை பெய்ஞ்ச மறுநாள் போங்க, இல்லைன்னா பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்துற நாள் எதுன்னு விசாரிச்சுட்டுப் போங்க. பாதையில மரப்பலகை வழுக்கும், செருப்பு வேண்டாம். கோடையில பொடிப்பூச்சி கடிக்கும், முழுக்கை சட்டை போட்டுக்கங்க.

என் மனசுல நிக்கிறது தொழிலாளி வீட்டு அறை. ஒரே அறை. சுவத்துக்குள்ள பதிச்ச கட்டில், அதுக்கடியில ராத்திரி இழுத்துப்போடற சக்கரக் கட்டில், மொத்தக் குடும்பமும் அதுலதான். 1898ல மின்விளக்கு வந்தது, அறைக்கு ஒரு மங்கல் பல்பு. மின்சாரம் மில்லோட தண்ணி டர்பைன்ல இருந்து. ராத்திரி 10 மணிக்கு ஊர் மொத்தத்துக்கும் அணைச்சிடுவாங்க, சனிக்கிழமை மட்டும் 11. 1955ல பொது மின்கம்பி வர்ற வரைக்கும் அப்படித்தான்.

கதிர்முனை (கோவை)

மழைக்கோட்டு சார், அந்தப் பல்பு விஷயம் மில் குவார்ட்டர்ஸ்ல வளர்ந்த யாருக்கும் உறைக்கும். மூணாவது மில்லுல டர்பைன் இப்பவும் ஓடுது. மியூல் நிக்கிற நேரமாப் பார்த்து அந்தப் பக்கம் போங்க, வண்டிச் சத்தம் இல்லாதப்பதான் அடியில தண்ணி போறது காதுல விழும்.