காலை வாரிய ரன்னிங் பேக்: உங்களால் மறக்க முடியாத ஆட்டம் எது?

பீச்ட்ரீ வாசி

2023 சீசன், ஏழாவது வாரம், டாம்பாவில் ஃபால்கன்ஸ் ஆட்டம். ஃபேன்டசி ஃபுட்பால், அதாவது நிஜ அமெரிக்க ஃபுட்பால் வீரர்களை நாமே அணியாகத் தேர்ந்தெடுத்து, அவர்கள் சேர்க்கும் யார்டுக்கும் டச்டவுனுக்கும் புள்ளி வாங்கும் விளையாட்டு. அதில் என் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) பிஜான் ராபின்சன்: 0.3 புள்ளி. அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டம் பார்த்தாயிற்று, இது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

பின்னணி உங்களுக்கே தெரியும். அந்த வருட என்எஃப்எல் டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) எட்டாவதாகப் போனவர், எங்கள் ஃபேன்டசி லீகில் முதல் ரவுண்ட் முடியும் நேரத்தில் என் கைக்கு வந்தார். இஞ்சுரி ரிப்போர்ட்டில் அவர் பெயர் இல்லை. ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வரும் இன்ஆக்டிவ் (அன்று ஆடாதவர்கள்) பட்டியலிலும் இல்லை. அப்படியிருக்க அவரை யார் பெஞ்சில், அதாவது புள்ளி கணக்கில் சேராத இடத்தில், வைப்பார்கள்? ஆட்டம் ஆரம்பித்தால் பந்து திரும்பத் திரும்ப அணியின் இன்னொரு ரன்னிங் பேக் டைலர் ஆல்ஜியரிடமே போகிறது. ஆப்பை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்க்கிறேன். மொத்தம் ஒரே ஒரு ஓட்டம், மூன்று யார்டு. அதற்குமேல் அந்த எண் நகரவே இல்லை.

முடிந்த பிறகுதான் தலைவலி என்று செய்தி வந்தது. 21 வயதுப் பையன், உடம்பு சரியில்லை என்றால் உட்காரத்தான் வேண்டும். அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. ஆனால் ஒரு வரி முன்கூட்டியே வெளியே வந்திருந்தால் போதும். பிற்பாடு லீக் விசாரித்து அபராதம்கூடப் போட்டது. எனக்கு அந்த வாரம் திரும்பி வருமா? பெஞ்சில் வைத்திருந்தவர் டச்டவுன் அடித்தார், நான் இரண்டு புள்ளியில் தோற்றேன்.

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

சான்டா கிளாரா செல்வி

அண்ணா, எனக்கு அந்த 0.3-கூட வரவில்லை.

2024, எங்கள் லீகில் முதல் பிக் என்னுடையது. ஃபார்ட்டி நைனர்ஸின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியைத் தவிர வேறு யாரை எடுப்பது? முந்தைய சீசனில் 21 டச்டவுன். கெண்டைக்காலில் ஏதோ இருக்கிறது என்று ஆகஸ்டிலிருந்தே பேச்சு, ஆனாலும் முதல் வாரம் ஆடுவார் என்றே எல்லோரும் நம்பினோம். ஜெட்ஸுடன் ஆட்டம், திங்கட்கிழமை இரவு. கலிஃபோர்னியாவில் அது மதியம் ஆபீஸ் நேரம். மீட்டிங்கில் இருக்கும்போது போன் அதிர்ந்தது: இன்ஆக்டிவ். என் பெஞ்சில் இருந்த எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையே ஆடி முடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் போட ஆளே இல்லை. அவருக்குப் பதிலாக ஓடும் ஜோர்டன் மேசனைச் சனிக்கிழமையே ஒருவர் எடுத்து வைத்திருந்தார். மேசன் அன்றைக்கு 28 முறை ஓடி 147 யார்டு, ஒரு டச்டவுன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஜெர்மனிக்குப் போய் சிகிச்சை, இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று காத்திருந்து காத்திருந்து, பத்தாவது வாரம்தான் வந்தார். பதின்மூன்றாவது வாரம் பஃபலோவில் பனி கொட்டும்போது முழங்கால் போனது. மொத்தம் நான்கே ஆட்டம், டச்டவுன் ஒன்றுகூட இல்லை. அவரை வெட்டிவிடவும் மனசு வரவில்லை. அந்த ஓட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

பழைய ராம்ஸ்

செல்வி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காயத்தை நான் ஏமாற்றத்தில் சேர்க்க மாட்டேன். அது துரதிர்ஷ்டம். ஐஆரில் (காயப்பட்டவர்களுக்கான இடம்) போட்டுவிட்டு அந்த இடத்துக்கு வேறு ஆளைத் தேடலாம். நல்ல உடம்போடு ஒவ்வொரு வாரமும் இறங்கி, ஒவ்வொரு வாரமும் 6 புள்ளி, 7 புள்ளி கொடுப்பவர் இருக்கிறாரே, அவரை என்ன செய்வது? பெஞ்சில் வைத்தால் அன்றைக்கே இரண்டு டச்டவுன் அடித்துவிடுவாரோ என்று பயம்.

டாட் கர்லி, 2016. புதுமுகமாக வந்த 2015-இல் 1106 யார்டு, பத்து டச்டவுன். அடுத்த வருடம் அவருடைய ராம்ஸ் அணி செயின்ட் லூயிஸிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தது. எங்கள் டிராஃப்டில் முதல் மூன்றில் போனார். முதல் வாரமே திங்கள் இரவு, எங்கள் வீட்டில் பத்துப் பேர் கூடியிருந்தோம். 17 ஓட்டம், 47 யார்டு. அணி 28-0 என்று தோற்றது. எதிரணி எட்டு ஒன்பது பேரை முன்னால் நிறுத்தியிருக்கிறது, பந்து கைக்கு வரும்போதே இரண்டு பேர் அவர் இடுப்பைப் பிடித்திருக்கிறார்கள். அடுத்த வாரமும் அதே காட்சி. சீசன் முழுக்க 16 ஆட்டமும் ஆடினார், ஒரு ஆட்டத்தில்கூட நூறு யார்டைத் தொடவில்லை. 278 ஓட்டத்துக்கு 885 யார்டு.

அடுத்த வருடம் புது கோச், புது திட்டம், 19 டச்டவுன். அதே ஆள், அதே கால்கள். அப்போது அவர் என் அணியில் இல்லை.

மூன்று நதி

ஆடாமலேயே இருந்தவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? லெவியான் பெல், 2018.

பிராஞ்சைஸ் டேக் (வீரரை ஒரு வருடம் அணியிலேயே நிறுத்திவைக்கும் ஒப்பந்தம்) தொகை 14.5 மில்லியன் டாலர், கையெழுத்துப் போடவில்லை. போன வருடமும் கேம்புக்கு வராமல் கடைசி நேரத்தில்தான் வந்தார், இந்த வருடமும் வந்துவிடுவார் என்று பிட்ஸ்பர்க்கில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது முதல் வாரம், கிளீவ்லாந்து ஆட்டம். மழை. பெல்லுக்குப் பதிலாக இறங்கிய ஜேம்ஸ் கானர் 31 முறை ஓடி 135 யார்டு, இரண்டு டச்டவுன். கல்லூரி நாட்களில் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த பையன். மனசாரக் கைதட்டினேன், அதே நேரம் அடிவயிறு கலங்கியது. கானர் என் எதிராளியின் அணியில் இருந்தார். பெல் கையெழுத்துப் போட நவம்பர் 13, செவ்வாய் மாலை நான்கு மணி வரை கெடு. அதுவும் தாண்டியது. பெல் அந்த சீசன் முழுக்க ஒரு ஓட்டம்கூட ஓடவில்லை.

தன் உடம்புக்குத் தக்க கூலி கேட்பது அவர் உரிமை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கொலம்பஸ் கணக்கர்

என் கதை சின்னது. 2022, கோல்ட்ஸின் ஜொனாதன் டெய்லர், முதல் பிக். 2021-இல் 1811 யார்டு ஓடியவர். பதினைந்தாவது வாரம், எங்களுக்கு ப்ளே-ஆஃப் முதல் சுற்று, மினசோட்டாவில் ஆட்டம். முதல் டிரைவிலேயே கணுக்கால் போய் வெளியே வந்தார். கோல்ட்ஸ் 33-0 என்று முன்னால் இருந்து 39-36 தோற்ற அதே ஆட்டம்.

சரி, புதிதாக ஆட வருகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லியாக வேண்டும். சம்பளத் தகராறில் கேம்புக்கு வராதவரை முதல் இரண்டு ரவுண்டில் தொடாதீர்கள். பெல் மட்டும் இல்லை, 2009-இல் 2006 யார்டு ஓடிய கிறிஸ் ஜான்சன் 2011-இல் கேம்பைத் தவிர்த்துவிட்டுப் புது ஒப்பந்தத்தோடு வந்தார், அந்த சீசன் முழுக்க நான்கு டச்டவுன்தான். கால்களுக்கு ஆகஸ்ட் மாத ஓட்டம் தேவை.

அடுத்தது, பந்து பிடிப்பாரா என்று பாருங்கள். தோற்கும் அணியில் மூன்றாவது குவார்ட்டருக்குமேல் ஓட்டமே இருக்காது, எல்லாம் பாஸ்தான். ஓட மட்டும் தெரிந்தவர் அப்போது வெளியே உட்கார்ந்திருப்பார். பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி தரும் பிபிஆர் லீகில் நான்கு கேட்ச் என்பது நாற்பது யார்டு ஓட்டத்துக்குச் சமம். சொல்லப்போனால் அதைவிட மேல், பிடித்த பிறகு ஓடும் யார்டும் உங்களுக்குத்தான்.

ஆஃபென்சிவ் லைனை, அதாவது ஓடுபவருக்கு முன்னால் நின்று வழி திறப்பவர்களை, பாருங்கள். இடது டேக்கிள் யார், சென்டர் யார், போன வருடம் எத்தனை ஆட்டம் சேர்ந்து ஆடினார்கள் என்று பாருங்கள். திங்கள் இரவு ஆட்டத்தில் ஒருவர் சந்தேகத்தில் இருந்தால், அதே ஆட்டத்தில் இருந்து இன்னொருவரை, டைட் எண்டோ யாரோ, பெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் ஆளின் ஹேண்ட்கஃபை (அவர் இல்லாவிட்டால் ஓடும் மாற்று ஆள்) கடைசி ரவுண்டிலாவது எடுங்கள், கானரும் மேசனும் அப்படித்தான் பலருக்குக் கிடைத்தார்கள். வேவர் பணத்தை (சீசன் நடுவில் யாரிடமும் இல்லாத ஆட்களை எடுக்கும் பணம்) டிசம்பருக்கென்று பதுக்காதீர்கள். நல்ல ஆட்கள் செப்டம்பர் அக்டோபரிலேயே போய்விடுவார்கள். மூன்றாவது ரவுண்டிலிருந்து ஆறாவது வரை, "இவருக்குத்தானே பந்து வரும்" என்ற ஒரே காரணத்துக்காக சுமாரான ரன்னிங் பேக்கை எடுப்பதைவிட அங்கே ரிசீவர்களை எடுங்கள். இதை எங்கள் லீகில் நான் சொல்லாத வருடமே இல்லை.

ஹூஸ்டன் மீனா

கணக்கர் சார், பீச்ட்ரீ அண்ணா கேட்டது அனுபவம். அதோடு லைன் விஷயத்தில் நீங்கள் சொல்வதை நான் முழுக்க ஏற்க மாட்டேன். 2013-இல் கோல்ட்ஸ் ஒரு முதல் ரவுண்ட் பிக்கைக் கொடுத்து டிரென்ட் ரிச்சர்ட்சனை வாங்கியது. அதே லைனுக்குப் பின்னால் அவருக்கு ஓட்டத்துக்கு 2.9 யார்டு, டொனால்ட் பிரவுனுக்கு 5.3. லைன் மட்டுமே எல்லாம் என்றால் இது எப்படி?

என்னுடையது கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹிலேர், 2020. கோவிட் காரணமாக அணியின் இன்னொரு ரன்னிங் பேக் டேமியன் வில்லியம்ஸ் விலகியதும் இவர் மதிப்பு ஒரே நாளில் முதல் ரவுண்டுக்கு ஏறியது. குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் பக்கத்தில் நிற்கப்போகிற பையன், வேறென்ன வேண்டும்? சீசனின் முதல் ஆட்டம், எங்கள் ஊர் டெக்சன்ஸ் அணிக்கு எதிராக. 138 யார்டு, ஒரு டச்டவுன். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. கோல் லைனுக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்பப் பந்து கொடுத்தார்கள், உள்ளே போக முடியவில்லை. வீட்டில் எல்லோரும் 138 யார்டைச் சொல்லிக் குதிக்கிறார்கள், எனக்கு அந்தக் கடைசி இரண்டு யார்டுதான் உறுத்தியது. சீசன் முடிவில் ஓடி அடித்தது நான்கே டச்டவுன். இதற்கு நடுவில் அக்டோபரில் அதே அணிக்கு யார் வந்து சேர்ந்தார் தெரியுமா? மூன்று நதி அண்ணா சொன்ன அதே பெல்.

ஈகிள்ஸ் பெரியவர்

நீங்கள் எல்லோரும் சொல்வது புள்ளி வராத கதை. நன்றாக ஆடியவரே அடிவயிற்றில் குத்திய கதை என்னுடையது. டிசம்பர் 16, 2007, டல்லஸ். ஈகிள்ஸின் ரன்னிங் பேக் பிரையன் வெஸ்ட்புரூக். அந்த சீசனில் அவரைவிட அதிக யார்டு சேர்த்தவர் லீகிலேயே கிடையாது. ஈகிள்ஸ் 10-6, கடைசி நிமிடங்கள். பந்தை வாங்கி வெளியே வந்தார், முன்னால் ஒரு ஆள் இல்லை. நான் சோபாவைவிட்டு எழுந்துவிட்டேன். ஒரு யார்டு இருக்கும்போது தானாகவே தரையில் விழுந்தார். டல்லஸிடம் டைம்-அவுட் இல்லை, விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது என்று அவருக்குத் தெரியும். என் அணிதான் ஜெயித்தது, என் ஃபேன்டசி அரையிறுதி போனது. அவ்வளவு புத்திசாலித்தனமான ஆட்டத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அந்த ஆறு புள்ளியையும் மறக்கவில்லை.

ஃபீனிக்ஸ் தம்பி

பழைய ராம்ஸ் அண்ணா, நீங்கள் 2016 கர்லியைச் சொன்னீர்கள், நான் 2018 கர்லியைச் சொல்கிறேன். 14 ஆட்டத்தில் 21 டச்டவுன். என்னை இறுதிப் போட்டி வரை தூக்கிக்கொண்டு வந்ததே அவர்தான். பதினாறாவது வாரம், இங்கே அரிசோனாவில் ஆட்டம். முழங்கால் வீக்கம், ஆடவில்லை. அவருக்குப் பதிலாக ஓடியவர் சி.ஜே. ஆண்டர்சன், அந்த சீசனிலேயே பாந்தர்ஸும் ரெய்டர்ஸும் விட்டுவிட்ட ஆள், ராம்ஸில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. 167 யார்டு, ஒரு டச்டவுன். ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆண்டர்சனை வேவரில் எடுத்து அன்றைக்கு இறக்கியிருந்தவர் இறுதிப் போட்டியில் என் எதிராளி.

இதைக் காயம் என்று ஒதுக்கிவிடுவீர்களா, இல்லை ஏமாற்றத்தில் சேர்ப்பீர்களா?

பழைய ராம்ஸ்

காயம்தான் தம்பி. உன் வலி புரிகிறது, அந்த 21 டச்டவுன் இல்லாமல் நீ இறுதிப் போட்டிக்கே வந்திருக்க மாட்டாய். என் ஓட்டு இன்னும் 2016-க்குத்தான்.