7,382 வாக்குகள்: 2011 அதிபர் தேர்தலை முடிவு செய்தது கோபமா, வேறொன்றா?

தெம்பனிஸ் மாறன்:
நேற்றிரவு காப்பிக்கடையில் தொடங்கிய பேச்சு கடை அடைக்கும்வரை முடியவில்லை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன். 2011 ஆகஸ்ட் 27 அன்று சிங்கப்பூரில் நடந்த அதிபர் தேர்தலில் டோனி டான் 35.20 விழுக்காடு வாக்குகள் பெற்றார். டான் செங் போக் 34.85 விழுக்காடு. டான் ஜீ சே 25.04. டான் கின் லியான் 4.91, வைப்புத்தொகையையும் இழந்தார். செல்லுபடியான 2.1 மில்லியன் வாக்குகளில் முதல் இருவருக்கும் இடையே வெறும் 7,382 வாக்குகள்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். அது கோபத்தின் தேர்தல். மே 7 பொதுத்தேர்தலின் சூடு ஆறவே இல்லை. வீட்டு விலை, ரயில் நெரிசல், வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கை, அமைச்சர்களின் சம்பளம் என்று வீட்டுக்கு வீடு இதே பேச்சு. ஆளும் மக்கள் செயல் கட்சி (மசெக) 60.1 விழுக்காட்டுக்கு இறங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அதற்குக் கிடைத்த மிகக் குறைந்த அளவு அதுதான். பலரை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் அல்ஜுனிட் குழுத்தொகுதி, எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்குப் போனது. மூன்றரை மாதம் கழித்து அதே மக்கள் மறுபடியும் வரிசையில் நின்றார்கள். அரசாங்கம் விரும்பிய வேட்பாளரான டோனி டானை ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஏற்கவில்லை. அவர்களின் வாக்கு மூன்றாகப் பிரிந்ததால் அவர் வென்றார். முதல் இருவருக்கு மட்டும் இரண்டாம் சுற்று என்று சட்டம் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும்.

கவிதா, ஜூரோங் வெஸ்ட்:
மாறன் அண்ணன், கூட்டல் சரி. நீங்கள் அதற்குச் சொல்லும் பொருளைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதே எண்களை நான் வேறு மாதிரி கூட்டுகிறேன். டான் செங் போக் 1980 முதல் 2006 வரை ஆயர் ராஜாவின் மசெக நாடாளுமன்ற உறுப்பினர். டோனி டான் முன்னாள் துணைப் பிரதமர். இருவரின் வாக்கையும் சேர்த்தால் 70 விழுக்காடு. ஒரே கட்சியில் பல ஆண்டுகள் இருந்த இரண்டு பெரியவர்களைப் பத்தில் ஏழு பேர் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கோபம் மட்டுமே காரணம் என்றால், வெளிப்படையாக எதிர்த்து நின்ற டான் ஜீ சே அல்லவா முன்னால் வந்திருக்க வேண்டும்? மே மாதத்தில் எதிர்க்கட்சிகளுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு விழுந்தது. ஆகஸ்டில் டான் ஜீ சே, டான் கின் லியான் இருவருக்கும் சேர்த்தே 30ஐத் தொடவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா தொழிற்சங்க உறுப்பினர். பல தொழிற்சங்கங்கள் டோனி டானுக்கு ஆதரவு தெரிவித்தன, அப்பாவும் அவருக்கே வாக்களித்தார். அம்மாவுக்குத் தொலைக்காட்சி விவாதமெல்லாம் பொருட்டில்லை. மருத்துவர் டான் செங் போக்கைப் பற்றி, "அமா கெங் கிராமத்தில் மருந்தகம் வைத்திருந்தவர், நம்மைப் போன்றவர்கள் முகம் அவருக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். அம்மாவுக்கு யார்மீதும் கோபம் இல்லை. மே மாதத்தில் ஆளுங்கட்சிக்கு வாக்களித்தவர் அவர்.

தெம்பனிஸ் மாறன்:
கவிதா, மே மாதத்தையும் ஆகஸ்டையும் அப்படியே ஒப்பிட முடியாதம்மா. பொதுத்தேர்தலில் தஞ்சோங் பகார் குழுத்தொகுதியில் போட்டியே இல்லை. அங்கிருந்தவர்கள் அந்த ஆண்டு முதன்முதலாக வாக்களித்ததே அதிபர் தேர்தலில்தான்.

டான் செங் போக்கை வெறும் கட்சிக்காரராகப் பார்ப்பதும் பிழை. தேர்தலில் நிற்காதவர்களை மன்றத்துக்கு நியமிக்கும் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் திட்டம் வந்தபோது கட்சியின் நிலைப்பாட்டுக்கு எதிராக மன்றத்தில் வாக்களித்தவர். கட்சிக்குள் இருந்தபடியே மறுத்துப் பேசும் துணிவுதான் பலரை அவர் பக்கம் இழுத்தது. அதுவும் ஒருவகை எதிர்ப்பு வாக்குதான்.

இளஞ்செழியன் 84:
நான் டோனி டானுக்கு வாக்களித்தவன். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. எனக்கு அப்போது 27 வயது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்.

அந்த ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 5ஆம் தேதி அமெரிக்காவின் கடன் தரநிலை முதன்முறையாகக் குறைக்கப்பட்டது. ஐரோப்பாவில் கடன் நெருக்கடி. பங்குச் சந்தைகள் சரிந்துகொண்டிருந்தன. 2009இல் பொருளாதாரம் சுருங்கியபோது, முந்தைய அரசாங்கங்கள் சேமித்து வைத்த நிதியிருப்பிலிருந்து 4.9 பில்லியன் வெள்ளி எடுக்க அதிபர் எஸ். ஆர். நாதன் ஒப்புதல் அளித்தார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி முதலாளிகளுக்குச் சம்பள மானியமாகப் போனது. எங்கள் நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடக்காமல் போனதற்கு அந்த மானியமும் காரணம் என்று எங்கள் மேலாளர் கூட்டத்தில் சொன்னார். அன்றுதான் அதிபரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்குப் புரிந்தது. ஆகவே நிதியமைச்சராக இருந்து, அரசாங்க முதலீட்டு நிறுவனத்திலும் பொறுப்பு வகித்த ஒருவர் அந்த இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். இதற்கு அரசாங்க விசுவாசம் என்று பெயர் வைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். என்னைப் போல் யோசித்தவர்கள் நிறையப் பேர்.

வாக்கு மேசை:
அன்றிரவு ஒரு வேட்பாளரின் முகவராக வாக்கு எண்ணும் இடத்தில் இருந்தேன். பள்ளி மண்டபம். பெட்டியின் முத்திரையை உடைத்து மேசைமேல் கொட்டி, சின்னம் பார்த்து அடுக்குவார்கள். டோனி டானுக்குக் கண்ணாடி, டான் செங் போக்குக்குப் பனைமரம், டான் ஜீ சேக்கு இதயம், டான் கின் லியானுக்குக் கை. எங்கள் மேசையில் கண்ணாடிக் கட்டும் பனைமரக் கட்டும் கண்ணுக்கு ஒரே உயரமாக வளர்ந்தன. ஒரு கட்டத்தில் முகவர்கள் யாரும் பேசவில்லை, தாள் உரசும் சத்தம் மட்டும். வித்தியாசம் இரண்டு விழுக்காட்டுக்குள் இருந்ததால் மறு எண்ணிக்கை. முடிவு அறிவிக்கும்போது விடிகாலை நான்கு மணி தாண்டிவிட்டது. அப்போது சொன்ன வித்தியாசம் 7,269. வெளிநாட்டு வாக்குகளைச் சேர்த்த பிறகே 7,382 ஆனது.

என் மனத்தை இன்றும் உறுத்துவது ஐந்தாவது கட்டு. செல்லாத வாக்குகள். தீவு முழுவதும் 37,000க்கும் மேல், வெற்றி வித்தியாசத்தைப்போல் ஐந்து மடங்கு. எங்கள் மேசையில் ஒன்றுமே எழுதாத தாள்கள் இருந்தன. இரண்டு பேருக்குக் குறியிட்ட தாள் இருந்தது. ஒன்றில் நான்கு கட்டங்களிலும் குறி, நேர்க்கோடு போட்டதுபோல் சீராக இருந்தது. கோபக்காரர் செய்ததா, குழம்பியவர் செய்ததா என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் குழப்பம் என்றே நினைக்கிறேன். 1993க்குப் பிறகு 18 ஆண்டுகள் யாரும் அதிபருக்கு வாக்களித்ததே இல்லை. 1999இலும் 2005இலும் போட்டி இல்லை. ஒரு தலைமுறையே இந்தத் தாளைப் பார்க்காமல் வளர்ந்திருந்தது. போதாக்குறைக்கு வேட்பாளர் நால்வரின் குடும்பப் பெயரும் டான்.

கவிதா, ஜூரோங் வெஸ்ட்:
ஐயா, நீங்கள் சொல்வதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அதிபர் என்ன செய்வார் என்பதிலேயே மக்களுக்குத் தெளிவில்லை. அதிபர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே பொதுவில் கருத்துச் சொல்லலாம் என்று அப்போது சட்ட அமைச்சராக இருந்த கா. சண்முகம் அந்த ஆகஸ்டில்தான் விளக்கினார். அரசாங்கத்தைத் தட்டிக் கேட்கும் அதிபர் என்ற எதிர்பார்ப்பும் பலமாக இருந்தது. ஒருவர் காவலரைத் தேடினார், ஒருவர் எதிர்க்குரலைத் தேடினார், என் அம்மா குடும்ப மருத்துவரைத் தேடினார். மூன்று பேரும் ஒரே பதவிக்குத்தான் வாக்களித்தார்கள், ஆனால் மனத்தில் இருந்தவை மூன்று பதவிகள்.

தெம்பனிஸ் மாறன்:
குழப்பம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்க்குரல் வேண்டும் என்ற ஆசை குழப்பத்தில் பிறந்ததா? 1993 அதிபர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். சுவா கிம் இயோ போட்டியிட விருப்பமில்லாமல்தான் இறங்கினார், பிரசாரமும் பெரிதாகச் செய்யவில்லை. எதிரே முன்னாள் துணைப் பிரதமர் ஓங் டெங் சியோங், மக்கள் விரும்பிய தலைவர். அப்படியும் சுவாவுக்கு 41 விழுக்காடு கிடைத்தது. அப்போது ரயில் நெரிசலும் இல்லை, வீட்டு விலைக் கோபமும் இந்த அளவுக்கு இல்லை. அரசாங்கத்திலிருந்து நேராக வருபவரே நிதியிருப்பின் சாவியையும் வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி நம் மக்களிடம் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 2011இல் கோபம் அதை ஊதிவிட்டது.

இளஞ்செழியன் 84:
இதில் உங்களோடு உடன்படுகிறேன் அண்ணன். ஆனால் இரண்டாம் சுற்றில் முடிவு மாறியிருக்கும் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். டான் ஜீ சேயின் 25 விழுக்காட்டினர் அப்படியே மருத்துவர் பக்கம் போயிருப்பார்கள் என்பது உங்கள் நம்பிக்கை. அவர்களில் எனக்குத் தெரிந்த நான்கு பேரைக் கேட்டேன். இரண்டு பேர் பனைமரத்துக்குப் போட்டிருப்போம் என்றார்கள். ஒருவர் இருவருமே பழைய மசெக, செல்லாத வாக்குதான் போட்டிருப்பேன் என்றார். இன்னொருவர் உலகப் பொருளாதாரம் இருந்த நிலையில் டோனி டானுக்கே போட்டிருப்பேன் என்றார்.

தெம்பனிஸ் மாறன்:
நான்கில் இரண்டு, ஒன்று, ஒன்று. தம்பி, அந்தக் கணக்கிலேயே 7,382 கரைந்துபோகிறதே.

வாக்கு மேசை:
நான்கு பேரை வைத்து அப்படிச் சொல்ல வேண்டாம் மாறன். எங்கள் மேசையிலும் முதல் பெட்டியைப் பார்த்து முடிவு தெரிந்துவிட்டது என்று ஒருவர் வெளியே போய்த் தொலைபேசியில் சொன்னார். மூன்றாவது பெட்டி கொட்டும்போது திரும்பி வந்து பேசாமல் உட்கார்ந்தார்.

கவிதா, ஒன்று கேட்க நினைத்தேன். நான்கு டான்களுக்கு நடுவே அம்மா எப்படிக் குழம்பாமல் குறியிட்டார்?

கவிதா, ஜூரோங் வெஸ்ட்:
பெயரைப் பார்க்கவே இல்லை ஐயா. முதல் நாள் இரவு நான் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் நான்கு சின்னங்களையும் வரைந்து காட்டினேன். பனைமரத்தைப் பார்த்ததும், "இது நம் ஊர் மரம், மறக்காது" என்றார். காலை எட்டு மணிக்கு வாக்களிப்பு நிலையம் திறக்கும்போது வரிசையில் முதலில் நின்றவர் அவர்தான். அப்பா பத்தரைக்குத்தான் கிளம்பினார்.