டாடா 407: எஞ்சின் மாற்றிய பிறகு ஏற்றத்தில் ஆஃப் ஆகிறது, உதவி தேவை

வண்டி 1998 மாடல் டாடா 407. ஊர் நாமக்கல் பக்கம். போன மாதம் வீட்டு வாசலிலேயே செயின் பிளாக் கட்டி, பழைய 497 எஞ்சினை இறக்கிவிட்டு அதே ரகத்தில் செகண்ட்ஹேண்ட் எஞ்சின் ஏற்றினோம். இன்லைன் பம்ப் (இன்ஜெக்டர்களுக்கு அதிக அழுத்தத்தில் டீசல் அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்ப்), ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்து அதற்குத் தள்ளும் பம்ப்) இரண்டும் அதோடு வந்தவை.

ஐடிலிங்கில் எவ்வளவு நேரமும் ஓடுகிறது. லோடு ஏற்றி மேட்டில் மூன்றாவது கியர் போட்டால் இழுவை குறைந்து, குலுங்கி நின்றுவிடும். ஹேண்ட் பிரைமரை (கையால் அடித்து லைனில் டீசல் நிரப்பும் சின்ன பம்ப்) அடித்தால் முதலில் லூஸாக இருந்து பிறகுதான் இறுகுகிறது. லைனில் சிக்கிய ஏரை வெளியேற்றினால் உடனே ஸ்டார்ட்.

இரண்டு டீசல் ஃபில்டரும் புதுசு. பேஞ்சோ போல்ட் (டீசல் லைனை இணைக்கும், உள்ளே துளை உள்ள போல்ட்) காப்பர் வாஷர் எல்லாம் மாற்றியாச்சு, ஹேண்ட் பிரைமரும் மாற்றியாச்சு. டேங்க் லைனில் சந்தேகம் வந்து, கேனை உயரத்தில் கட்டி நேராக ஃபீட் பம்ப்புக்கு டீசல் கொடுத்துப் பார்த்தோம். அப்போதும் அதே கதைதான். இன்லெட்டில் கண்ணாடி டியூப் போட்டால் குமிழியே இல்லை. ரிட்டர்னில் (மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் லைனில்) போட்டால், ரேஸ் பண்ணும்போது பொடிப்பொடியாகக் குமிழி ஓடுகிறது. ஃபீட் பம்ப்புக்கு அப்புறம் லைனில் பிரஷர் இருப்பதால் அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிய வேண்டும். துடைத்துவிட்டுப் பார்த்தோம், எங்கும் ஈரமே இல்லை.

மிச்சம் இருப்பது ஃபீட் பம்ப் பிளஞ்சர் (உள்ளே முன்பின் நகர்ந்து டீசலைத் தள்ளும் பாகம்)/வால்வ், ரிட்டர்ன் ஓவர்ஃப்ளோ வால்வ் (பம்ப்பில் பிரஷரைப் பிடித்துவைத்து மிச்ச டீசலைத் திருப்பிவிடும் வால்வ்) இரண்டும்தான். இன்ஜெக்ஷன் பம்ப்பைக் கழற்றாமல், இதில் எது குற்றவாளி என்று வீட்டிலேயே உறுதிசெய்வது எப்படி?