நாலாம் ஆண்டுப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை, அம்மா புலமைப்பரிசில் பேப்பர் கேட்கிறா: என்ன செய்யலாம்?

கரையூர்ப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம், இரண்டாம் வருடம். ஊர் கரையோரம், பெயர் சொன்னால் பிள்ளைகளை அடையாளம் கண்டுவிடுவார்கள், அதனால் வேண்டாம். சனசமூக நிலைய வாசிகசாலையில் செவ்வாயும் வியாழனும் பின்னேரம் நாலரைக்கு நாங்கள் சில கம்பஸ் பிள்ளைகள் இலவச வகுப்பு நடத்துகிறோம். காலையில் பெரியவர்கள் பேப்பர் பார்க்கிற நீட்டு மேசைதான் வகுப்பறை. ரியூசனுக்குக் காசு கட்ட முடியாத வீடுகளிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறார்கள்.

நாலாம் ஆண்டுப் பெடியன் ஒருவன். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து கொடுத்தால் கடகடவென்று சொல்லுவான். ஆனால் விரல் ஒரு வரியில் நிற்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். மற்றப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே முழுப் பாடமும் மனப்பாடம். சந்தேகம் வந்து வெறும் தாளில் 'தோணி' என்று எழுதிக் காட்டினேன். 'தாணி' என்றான். கொம்பும் (ே) அரவும் (ா) சேர்ந்து வந்தால் கொம்பை விட்டுவிடுகிறான். வீட்டு வாசலில் தோணி கட்டிக் கிடக்கிற பிள்ளை! எனக்கு அன்றிரவு நித்திரையே வரவில்லை.

அவனுடைய அம்மா காணும் நேரமெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை, அடுத்த வருசம் ஸ்கொலசிப், பாஸ் பேப்பர் செய்வியுங்கோ." ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனையின் பழைய வினாத்தாள்களைத்தான் சொல்கிறா. அவவின் ஆசையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இவனுக்குப் பேப்பர் கொடுப்பதா, எழுத்திலிருந்து தொடங்குவதா? இன்னொன்று, எங்களுக்குச் செமஸ்டர் சோதனை வந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள், பிள்ளைகளும் குறைந்துவிடுவார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

ஓய்வு ரீச்சர், சுன்னாகம்:
பிள்ளை, எழுத்திலிருந்துதான். பேப்பரைக் கொஞ்சக் காலத்துக்கு அலுமாரியில் வையுங்கோ. ஆரம்பப் பிரிவில்தான் என் காலம் முழுக்கப் போனது, நீங்கள் சொல்கிற மாதிரிப் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். பாட்டுப் போல் ஒப்புவிப்பதால் நாற்பது பிள்ளைகளுக்குள் ரீச்சரின் கண்ணுக்குத் தப்பிவிடுவார்கள். நீங்கள் தனியே இருத்திக் கேட்டபடியால்தான் தெரிந்தது.

முதலில் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித் தனித்தனியாக வாசிக்க வையுங்கோ. எழுத்து, சொல், நாலு வரிப் பந்தி, சின்னக் கதை. எதில் நிற்கிறார்கள் என்று குறித்தால் போதும். இந்தியக் கிராமங்களில் ஏசர் என்ற கணக்கெடுப்பில் 2005 முதல் இப்படித்தான் பார்க்கிறார்கள், ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான் எடுக்கும். அப்புறம் எந்த ஆண்டு என்று பாராமல், நின்ற இடத்தைப் பார்த்துக் குழு பிரியுங்கோ. நாலாம் ஆண்டுப் பெடியனை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தினால் வெட்கப்படுவான். அதனால் வாசிப்புக்கு மட்டும் அரை மணித்தியாலம் பிரித்து, கணக்குக்கும் விளையாட்டுக்கும் பழையபடி சேர்த்துவிடுங்கோ.

247 எழுத்தையும் வரிசையாக எழுதச் சொல்லி அவனை வதைக்க வேண்டாம். உயிர் 12, மெய் 18 பிடிபட்டால் மிச்சமெல்லாம் குற்று, அரவு, விசிறி, கொம்பு என்று குறிகளைச் சேர்ப்பதுதான். ஒகரமும் ஓகாரமும் கடைசியில் வரட்டும். குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்பதால் பிள்ளைகள் தடுமாறுவது அதில்தான்.

இதைக் கட்டாயம் செய்து பாருங்கோ: அவனைக் கதைக்க விடுங்கோ. தகப்பனோடு கடலுக்குப் போன கதை, ஓரா, ஒட்டி, திரளி என்று மீன் பிரித்த கதை, எதுவென்றாலும். அவன் சொல்வதை அவன் சொன்ன சொல்லிலேயே பெரிய எழுத்தில் நாலு வரி எழுதி, அதையே வாசிக்கக் கொடுங்கோ. தன்னுடைய கதை என்றால் பிள்ளை அந்தத் தாளை விடாது. பிறகு வரிகளை வெட்டிக் கலைத்துக் கொடுத்தால் மனப்பாடம் உதவாது, எழுத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஐந்தாம் ஆண்டு அம்மா:
அந்த அம்மாவிடம் மற்றத் தாய்மார் இல்லாத நேரமாகப் பார்த்துக் கதையுங்கோ. என் மகள் இந்த வருடம்தான் எழுதினாள். முதலாம் பத்திரம் 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். கணக்குக் கேள்வியாக இருந்தாலும் முதலில் கேள்வியை வாசித்து விளங்க வேண்டும். "வாசிப்பு வந்தால்தான் பேப்பரும் வரும், அதற்குத்தான் இப்ப இதைச் செய்கிறோம்" என்று சொன்னால் எந்த அம்மாவும் கேட்பா.

முன்னாள் தொண்டர்:
நான் கிளிநொச்சி பொறியியல் பீடத்தில் படித்த காலத்தில் இப்படி ஒரு வகுப்பில் இருந்தேன். சோதனைக்கால இடைவெளிக்கு எங்களுக்குக் கைகொடுத்தது உயர்தரம் எழுதிவிட்டுக் கம்பஸ் அனுமதிக்குக் காத்திருந்த பிள்ளைகள். மாதக்கணக்கில் வீட்டில்தான் இருப்பார்கள், கேட்டால் சந்தோசமாக வருவார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கோ. ஒருவர் வராவிட்டாலும் பழகிய முகம் ஒன்று இருக்கும். பிள்ளைக்கு ஒரு கொப்பி, அதில் அன்று என்ன வாசித்தான், எங்கே தடக்கினான் என்று இரண்டு வரி. கொப்பி வாசிகசாலையை விட்டு வெளியே போகக் கூடாது.

ஸ்காபரோ அக்கா:
இங்கே ஒன்ராறியோவில் உயர்பள்ளி முடிக்க 40 மணித்தியாலம் சமூக சேவை கட்டாயம். என் மகன் அதை நூலகத்தில் சின்னப் பிள்ளைகளோடு வாசித்தே முடித்தான். உங்கள் பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வேண்டுமென்றால் ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கோ. தமிழ்க் கதைகள் படிநிலை பிரித்து இலவசமாக இருக்கு, முதல் படியில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். இந்தியச் சொல் வந்தால் நம் சொல்லுக்கு மாற்றி அச்சிடவும் அனுமதி உண்டு. போட்டோக்கொப்பிச் செலவு என்னுடையது, தனிமடலில் எழுதுங்கோ.

கரையூர்ப் பிள்ளை:
எல்லாருக்கும் மிக்க நன்றி. வருகிற செவ்வாய் ஒவ்வொருவராக வாசிக்க வைக்கிறோம். அவனுடைய அம்மாவோடு நானே வீட்டுக்குப் போய்க் கதைக்கிறேன். அக்கா, மடல் போட்டிருக்கிறேன். ரீச்சர், ஒரே ஒரு கேள்வி: வாசிக்கும்போது பிழை விட்டால் உடனே நிறுத்தித் திருத்தவா?

ஓய்வு ரீச்சர், சுன்னாகம்:
வேண்டாம் பிள்ளை. வசனத்தை முடிக்க விடுங்கோ. கருத்துப் பிழைத்தால் அவனே திரும்பிப் பார்ப்பான். பார்க்காவிட்டால் அந்தச் சொல்லில் விரலை வைத்து, "இதை இன்னொருக்கால் வாசி அப்பன்" என்று மட்டும் சொல்லுங்கோ. சரியான சொல்லை நீங்கள் முந்திச் சொல்லிவிட்டால் அவன் அதையும் காதால் பிடித்துக்கொள்வான்.